பெண்டிழந்தான் சுழி

என் மகள் எட்டு வயது வரை எதையும் கேட்டதில்லை. பொம்மை கேட்டதில்லை, ஐஸ்கிரீம் கேட்டதில்லை. தீபாவளிக்கு என்ன துணி வேண்டும் என்றால் "எதுன்னாலும் மதி" என்பாள், எதுவானாலும் போதும் என்று. உறவுக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, பிள்ளையை எப்படி வளர்த்திருக்கிறாய் என்று என்னைப் புகழ்வார்கள். என் வளர்ப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவளுக்குப் பயம். கேட்டால் கிடைத்துவிடும், கிடைத்தால் அதன் பக்கத்தில் போக வேண்டியிருக்கும் என்கிற பயம்.

வெடிக்கும் என்று பலூனுக்குப் பயம். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கும் என்று பழவங்காடிச் சாலைக்கே பயம். லிஃப்டுக்குப் பயம், மின்விசிறி வேகமாகச் சுற்றினால் பயம், பள்ளியில் வருகை எடுக்கும்போது தன் பெயர் வந்துவிடும் என்று பயம். திருவனந்தபுரம் தம்பானூரில் என் அலுவலகத்துக்கு எதிரே சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் அவளை இடுப்பில் தூக்கிக்கொள்வேன். எட்டு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறாளே, ஏதோ நோயாக்கும் என்று ஆட்டோக்காரர்கள் நிறுத்தி வழிவிடுவார்கள். நானும் மறுத்ததில்லை. தம்பானூரில் வேறு எதற்கும் யாரும் நிறுத்துவதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாயங்காலம், நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, எனக்குக் குதிரை ஏறணும்" என்றாள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலைக்கு வந்தவர்களுக்குப் பிள்ளைகளை எதையாவது கற்க அனுப்பாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கழியாது. வளாகத்தைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற மலையாளி ஒருவர் சில குதிரைகளை வைத்துக்கொண்டு சவாரி கற்றுக்கொடுத்தார். மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி அங்கே போய் வந்து கதை சொல்லியிருக்கிறாள். இவள் பல நாள் அதை மனதுக்குள் வைத்து உருட்டிவிட்டு என்னிடம் கேட்டிருக்கிறாள்.

நான் சந்தோஷப்படவில்லை. கலங்கிப்போனேன். வாயைத் திறந்து கேட்ட முதல் விஷயம் இது. இது கெட்டுப்போனால் இவள் இனி ஆயுளுக்கும் எதையும் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் பயந்தாங்கொள்ளிகள் இரண்டு பேர்.

முதல் ஞாயிறு நாங்கள் இருவர் மட்டும் போனோம். பட்டாளக்காரர் தமிழ்ச் சிப்பாய்களோடு இருந்தவராம். எங்களிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். மகள் என் புடவைத் தலைப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். போய் ஒரு கறுப்புக் குடையை எடுத்து வந்தார்.

"பேடியுள்ள குட்டிக்குக் குதிரையோட ஒசரம் பாக்க வேண்டாம், நிறம் பாக்க வேண்டாம். இது மட்டும் பாத்தா மதி" என்றார். பேடி என்றால் மலையாளத்தில் பயம், குட்டி என்றால் குழந்தை. இரண்டு மட்டக்குதிரைகள் பக்கத்துப் பக்கத்தில் கட்டியிருந்தன. ஒன்று செம்பட்டை, பார்க்க லட்சணமாக இருந்தது. அதன் முகத்துக்கு முன்னால் குடையைப் படக்கென்று விரித்தார். அது கயிறு நீளம் மட்டும் பின்னால் பாய்ந்து, கொட்டகைத் தூணை ஒரு ஆட்டு ஆட்டியது. அடுத்தது தவிட்டு நிறத்துக் கிழக்குதிரை. வயிறு தொங்கி, கீழுதடும் தொங்கி, பல வருஷம் கடற்கரையில் பிள்ளைகளைச் சுமந்துவிட்டு வந்தது. அதன் முகத்துக்கு முன்னால் குடையை விரித்தார். அது ஒரு கண்ணைத் திறந்து குடையைப் பார்த்தது. மழை இல்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டது.

மகள் தலைப்பை விட்டு வெளியே வந்தாள். தானாகவே நடந்து போய் அந்தக் கிழத்தின் கழுத்தில் ஒரு விரலை வைத்தாள். பிறகு கையை வைத்தாள். கடைசியில் கன்னத்தையும் வைத்துக்கொண்டு நின்றாள். அது அசையவில்லை. தூங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

"இந்த மாதிரிப் பிள்ளைக்கு மாத்தி மாத்திக் குதிரை கொடுக்கக் கூடாது. ஒண்ணை உங்க பேருக்கு எடுத்துக்கிட்டா, வேற யாரும் ஏற மாட்டா" என்றார் பட்டாளக்காரர். தீவனச் செலவை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். குதிரை அங்கேயே நிற்கும். கொட்டகைக் கதவில் நம் பெயரைச் சாக்பீஸால் எழுதி வைப்பார். அவ்வளவுதான் ஏற்பாடு. நான் அங்கேயே சரி என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியம் என் வாயில் தானாகவே வந்துகொண்டிருந்தது.

வீட்டில் கேட்டால் என் கணவர், "அண்ணன்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருவோம்" என்றார். அவருடைய அண்ணன், மகளுக்குப் பெரியப்பா, ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்தார். அந்தக் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. இளவயதில் பெரியப்பா மாட்டுத்தாவணிச் சந்தைகளுக்குப் போய், பார்த்து விலைபேசிக் காளை பிடித்தவர். திருவனந்தபுரம் வந்ததும் காளைகள் போய்விட்டன, பிடிக்கிற பழக்கம் போகவில்லை. அவர் பார்க்காமல் எங்கள் வீட்டுக்கு எதுவும் வந்ததில்லை. ஃப்ரிட்ஜ் வாங்கும்போது கடையில் அதன் பின்பக்கமாகப் போய்த் தடவிப் பார்த்து, சரி என்று தலையாட்டியவர் அவர். அந்த ஃப்ரிட்ஜ் நன்றாகத்தான் ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவருடைய சரக்கு வேனில் எல்லோரும் போனோம். பெரியப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. பெண் பார்க்கப் போகிறவர் மாதிரியே கிளம்பியிருந்தார். போய்ச் சேர்ந்ததும் பட்டாளக்காரரிடம், எந்த ஊர்க் குதிரை, தாய் எப்படி, கூடப் பிறந்தது உண்டா என்று வரிசையாக விசாரித்தார். பட்டாளக்காரர் மரியாதையாகப் பதில் சொன்னார். காபி வரும் என்று என் கணவர் எதிர்பார்த்தார் போலிருக்கிறது, அடிக்கடி வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுழி பார்க்க ஆரம்பித்தார். மயிர் சுழித்துக்கொண்டு வளருகிற இடம்தான் சுழி. மாட்டின் உடம்பில் அது எங்கே விழுந்திருக்கிறது என்பதை வைத்து, வாங்குகிறவன் தலையெழுத்தைச் சொல்லிவிடலாம். ராஜ சுழி இருந்தால் வாங்கியவன் நிமிர்வான். துடைப்பச் சுழி இருந்தால் வீட்டில் உள்ளதைத் துடைத்துக்கொண்டு போகும். பாடைச் சுழிக்கு விளக்கம் தேவையில்லை. இதெல்லாம் மாட்டுக்கு உண்டானதில்லையா அத்தான் என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "நாலு காலு, ஒரு வாலு. இதுல என்னம்மா வித்தியாசம்" என்றார்.

செம்பட்டையின் நெற்றியைப் பார்த்தார். அவருடைய சட்டையிலிருந்து வந்த மிளகாய் நெடியில் அது ஒரு தும்மல் போட்டு, தலையை உதறி, அவர் தோளில் கிடந்த துண்டைத் தட்டிவிட்டது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ராஜ சுழி. நடு நெத்தியில அச்சு மாதிரி விழுந்திருக்கு. இத விட்டுராதீய" என்றார்.

கிழத்திடம் வந்தார். நெற்றி, முதுகு, விலா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், முன்னங்கால் தோளோடு சேருகிற இடத்தில் நின்றுவிட்டார். மயிரை ஒதுக்கி மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"என்னண்ணே" என்றார் என் கணவர்.

"ஏலே, பெண்டிழந்தான் சுழி."

பெண்டு என்றால் மனைவி. இந்தச் சுழி உள்ள மாட்டை எவன் வாங்குகிறானோ அவன் பெண்டாட்டி செத்துப்போவாள் என்று பெரியப்பா விளக்கினார். வள்ளியூர்ப் பக்கம் ஒருத்தர், களக்காட்டுப் பக்கம் ஒருத்தர் என்று சாட்சிகளும் வைத்திருந்தார். களக்காட்டுக்காரர் இரண்டு தடவை கட்டியவராம், இரண்டு பேரையும் அதே காளை கொண்டுபோய்விட்டதாம். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பட்டாளக்காரரும் பார்த்தார், பிறகு நாகரிகமாகத் தென்னை மரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"அப்ப வேண்டாம்" என்றார் என் கணவர். எதற்கும் ஒரு வாரம் யோசிக்கிற மனிதர், அன்று யோசிக்கவே இல்லை. என் ஆயுளைப் பற்றி அவர் அப்படித் துடித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பட்டாளக்காரர் மறுபடி குடையை எடுத்து வந்து விரித்துக் காட்டினார். செம்பட்டை மறுபடி தூணை ஆட்டியது. "சுறுசுறுப்பு" என்றார் பெரியப்பா. நான் மகளிடம் குனிந்து, உனக்கு எது வேண்டும் என்று கேட்டேன். போன வாரம் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்ற குதிரையை அவள் பார்க்கவே இல்லை. "எனக்கு அந்தச் செம்பட்டை மதி" என்றாள். மதி என்றால் போதும்.

சரிதான், அழகைப் பார்த்து மயங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பட்டாளக்காரருக்கு மனமில்லை. "அடுத்த ஞாயிறு குட்டி ஒரு வட்டம் ஏறிப் பாக்கட்டும். அதுக்கப்புறம் பேரு எழுதலாம்" என்று நிறுத்திக்கொண்டார்.

நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவள். மயிர் எந்தப் பக்கம் சுழிக்கிறது என்பதற்கும் என் இதயத் துடிப்புக்கும் தொடர்பில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படித் தெரிந்துகொண்டேதான் அந்த வாரம் முழுவதும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கினேன். என் கணவர் ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ் வாங்கி வந்து, மேஜைமேல் வைத்தார். குதிரையைத்தான் வேண்டாம் என்று விட்டாயிற்றே, பின்னே எதற்கு இது என்று கேட்டேன். "அதைத் தொட்டுப் பாத்துட்டோம்லா" என்றார்.

மகளிடமும் அந்த வாரம் ஒரு மாற்றம் இருந்தது. தம்பானூரில் சாலையைக் கடக்க நான் தூக்கப் போனபோது வேண்டாம் என்றாள். என்னைச் சுற்றிக்கொண்டு வந்து, வண்டிகள் வருகிற பக்கமாக நின்று என் கையைப் பிடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் நடந்தாள், ஆனால் நடந்தாள். அந்தக் கைவிரல்கள் சில்லென்று இருந்தன. குதிரை ஏறப்போகிற தைரியம் இப்போதே வந்துவிட்டதே என்று நான் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு வந்தது. தோப்பில் கம்ப்யூட்டர் வளாகத்துக் குடும்பங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன. மகளுக்குத் தொப்பி மாட்டி, செம்பட்டைமேல் ஏற்றினார்கள். அவளுடைய உதடு வெளுத்துவிட்டது. பட்டாளக்காரர் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடத்தினார். பாதி வட்டம் ஒழுங்காகப் போனது. அப்போது தோப்பின் மறுகோடியில் ஒரு காய்ந்த தென்னமட்டை விழுந்தது. தென்னந்தோப்பில் வேறென்ன விழும். செம்பட்டை பக்கவாட்டில் ஒரு துள்ளுத் துள்ளியது. மகள் சேணத்திலிருந்து சரிந்து, மணலில் உட்கார்ந்த நிலையில் வந்து சேர்ந்தாள்.

அடி ஒன்றும் இல்லை. நான் ஓடினேன். எல்லாம் முடிந்தது, இனி இவள் எதையும் கேட்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். அவள் எழுந்து, பாவாடையைத் தட்டுகிற மாதிரி பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, பட்டாளக்காரரிடம், "ஒண்ணுங்கூட ஏறணும்" என்றாள். இன்னொரு தடவை ஏற வேண்டுமாம். சொல்லும்போது பற்கள் அடித்துக்கொண்டன. பலூனுக்குப் பயப்படுகிற பெண்.

எனக்கு அது தைரியமாகத் தெரியவில்லை. அவளைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், "என்னட்டி இது, பயமா இருந்தா இறங்கிரு, யாரு ஏறச் சொன்னா" என்றேன். தொப்பி வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். "அந்தத் தவிட்டுக் குதிரையத்தான உனக்குப் பிடிச்சுது" என்றேன்.

அவள் என் கழுத்தை இழுத்துக் காதில் சொன்னாள். "அத எடுத்தா நீ செத்துப் போவ. இது சும்மா கீழதான தள்ளும்."

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். நான் அழுதேன். எட்டு வருஷமாக இவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம், குடும்பமே சேர்ந்து. எனக்கு அந்த நிமிஷம் உலகத்தில் எல்லோர்மேலும் கோபம் வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு நேரே பெரியப்பாவிடம் போனேன்.

"அத்தான், பெண்டிழந்தான் சுழி இருக்குல்லா. புருஷன இழந்தவா சுழின்னு ஒண்ணு உண்டா?"

அவர் கோபப்படவில்லை. கண்ணை மூடி யோசித்தார். நெற்றியிலிருந்து வால்வரை மனதுக்குள் ஒரு மாட்டை முழுவதும் தடவி வந்தார் என்று நினைக்கிறேன். "இல்லம்மா. சாஸ்திரத்துல அப்படி ஒண்ணு கெடயாது" என்றார்.

"ஏன் இல்ல?"

"பொம்பள எங்க மாடு பிடிக்கப் போனா" என்றார்.

"அப்ப அந்தக் கிழத்த என் பேருல எழுதுதேன். எனக்குப் பெண்டாட்டி இல்ல."

பெரியப்பா கிழத்தின் தோள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சாஸ்திரத்தில் ஓட்டை இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் வியாபாரி, ஓட்டையை மதிக்கத் தெரிந்தவர். "செல்லும்" என்றார். என் கணவரும் தலையாட்டினார். தன் ஆயுளைப் பற்றிய பகுதியை மட்டும் அண்ணனிடம் இன்னொரு தடவை மெதுவாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பட்டாளக்காரர் சாக்பீஸை எடுத்துக் கிழத்தின் கதவில் என் பெயரை எழுதினார். மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். நான் சொன்ன விளக்கத்தை முழுவதும் கேட்டுவிட்டு, என்னை நம்பாமல், பெரியப்பாவிடம் போய் நின்றாள். "பெரியப்பா, அம்மா பேருல எழுதினா அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாதுட்டி."

"அப்பாவுக்கு?"

"ஆகாது."

"உங்களுக்கு?"

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை இல்லை. "யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நீ போய் ஏறு" என்றார்.

கிழத்தின்மேல் ஏறினாள். அது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தது. அப்போது இன்னொரு மட்டை விழுந்தது. அது காதைக்கூடத் திருப்பவில்லை. மகளின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. உதட்டில் நிறம் வந்தது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேலிப் பக்கம் வரும்போதெல்லாம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "மோளே, அம்மாவைப் பாக்க வேண்டா. குதிரையோட ரெண்டு காதுக்கு நடுவுல நேரே பாரு" என்றார் பட்டாளக்காரர். சரி என்று தலையாட்டுவாள். அடுத்த வட்டம் வரும்போது மறுபடி என்னைப் பார்ப்பாள். பயம் இன்னும் போகவில்லை, பாவம் என்று நான் கையை ஆட்டினேன். அவள் பதிலுக்கு ஆட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாலைந்து வட்டம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பெரியப்பா சொன்னதையும் அவள் முழுவதாக நம்பவில்லை. நான் இருக்கிறேனா என்று ஒவ்வொரு வட்டத்துக்கும் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாளிலிருந்து எனக்கு ஜலதோஷம். அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் இருமல் கிளம்பியது. குதிரை வேலியை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, நல்ல ஆரோக்கியமான ஒரு பெண்பிள்ளை எப்படி நிற்பாளோ அப்படி நின்றேன். அவள் பார்த்தாள், கடந்து போனாள். அவள் தோப்பின் மறுகோடிக்குப் போகும்வரை காத்திருந்து, கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய் இருமிவிட்டு, அடுத்த வட்டத்துக்குள் திரும்பி வந்து நின்றேன்.